முதல் உருண்டை

பொறாமை என்பது அடுத்தவன் மாடி வீடு கட்டினால் வருவது, அடுத்தவன் மகன் அமெரிக்கா போனால் வருவது என்றுதான் ஐம்பத்திரண்டு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவன் இட்லி தின்பதைப் பார்த்தும் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எனக்கு அது பாகாலா ஸ்டேஷனில் வந்தது. சித்தூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குத் தலையைக் காட்டிவிட்டுத் திருப்பதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டி பாகாலாவில் நின்றதும் எதிர் சீட்டுக்காரன் இறங்கிப் போய் நாலு இட்லியும் காரச் சட்னியும் வாங்கி வந்தான். ஒரு கையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் இட்லியைப் பாதி பாதியாக வாயில் போட்டுக்கொண்டான். தின்பதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பாவி. என் கையில் ஒரு பாட்டிலில் பருப்புத் தண்ணீர் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு இட்லி எடுத்துக்கொள்ளுங்கள் என்று தெலுங்கில் மரியாதையாகத்தான் சொன்னான். வேண்டாம் என்று நான் சொன்ன விதத்தில், அவன் பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டான்.

அப்போது எனக்கு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு வாழைக்காய் அளவுக்குத் தைத்து வைத்திருந்தார்கள். நூற்று முப்பத்தெட்டு கிலோ ஆள் நான். எடை மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ஆசை மட்டும் ஒரு கிராம்கூட இறங்கவில்லை.

புத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திருப்பதிக்கு வந்து மோட்டார் காயில் கட்டும் கடை போட்டவன் நான். கிணறுகளெல்லாம் வற்றி, ஆளாளுக்கு போர் போட்டுக்கொண்டிருந்த காலம். கரண்ட் ஒரு நேரம் கூடும், ஒரு நேரம் குறையும். மோட்டார்கள் கருகின. அவை கருகக் கருக என் கடை செழித்தது, கூடவே நானும் செழித்தேன். பத்து மணிக்கு ஒரு டிபன், மத்தியானம் வீட்டுச் சாப்பாடு, நாலு மணிக்கு மிளகாய் பஜ்ஜி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அதெல்லாம் பொழுதுபோக்கு. எனக்குச் சாப்பாடு என்றால் களிதான், அதுவும் என் பெண்டாட்டி கிண்டிய கேழ்வரகுக் களி.

அவள் சித்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி வந்த இரண்டாம் வாரம் கோழிக் குழம்பு வைத்துக் களி கிண்டினாள். நொய்யை வேகவிட்டு, மாவைக் கொட்டி, கட்டை போட்டு நின்ற வாக்கில் கிண்டி, ஈரத் தட்டில் உருட்டி, நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றி என் முன்னால் வைத்தாள். களியைத் தின்பதற்கு ஒரு சட்டம் உண்டு. கிள்ளி எடுத்து, குழம்பில் புரட்டி, பல்லில் படாமல் விழுங்க வேண்டும். மென்றால் களிக்கும் அவமானம், கிண்டியவளுக்கும் அவமானம். அன்றைக்கு மூன்று உருண்டை விழுங்கினேன். கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்று என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஒரு பெருமை இருந்தது, ஒரு சொந்தம் இருந்தது. எங்களுக்கு ஜாதகம் பொருந்தியதோ இல்லையோ, அவள் கையும் என் தொண்டையும் பொருந்திவிட்டன.

அன்று முதல் பானையிலிருந்து வருகிற முதல் உருண்டை என்னுடையது. விருந்தாளி வந்தாலும் சரி, என்னைப் பெற்ற நைனாவே ஊரிலிருந்து வந்து உட்கார்ந்தாலும் சரி, அவருக்கு இரண்டாவதுதான். இருபத்தேழு வருஷம் இது மாறவில்லை. அவள் வேறு எந்த விதத்திலும் ஆசையை வெளியில் காட்டுகிறவள் இல்லை. சிரிப்பது குறைவு, பேசுவது அதைவிடக் குறைவு. முதல் உருண்டையைப் போட்டுவிட்டு நின்று பார்ப்பாள். அது போதும் எனக்கு. ஆபரேஷனுக்குப் பிறகு, சர்க்கரை இறங்குமா, முழங்கால் வலி போகுமா என்று ஊரெல்லாம் என்னை விசாரித்தது. எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அந்த உருண்டையும் அந்தப் பார்வையும் எனக்குத் திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா?

ஆபரேஷன் யோசனையே மாப்பிள்ளையுடையது. எங்களுக்கு ஒரே மகள். அப்போது வீட்டுக்கு ஒருத்தர் பெங்களூர், தெருவுக்கு ஒருத்தர் அமெரிக்கா என்று போய்க்கொண்டிருந்தார்கள். இவளும் திருப்பதியிலேயே இன்ஜினியரிங் முடித்து பெங்களூருக்குப் போனாள். அங்கே சித்தூர்ப் பையன் ஒருவனைப் பிடித்துப்போய், எங்களிடம் சொல்லி, நாங்களும் பார்த்துக் கட்டி வைத்தோம். ஆறே மாதத்தில் இரண்டு பேரும் அமெரிக்கா போய்விட்டார்கள். கம்ப்யூட்டரில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து மாப்பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது. நான் மூச்சு வாங்குவது அங்கே வரை கேட்கிறதாம். அவன் ஆபீஸில் ஒருத்தர் இப்படி வயிற்றைச் சுருக்கிக்கொண்டு இப்போது ஓடுகிறாராம். நான் ஓடி யாரைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டேன். மகள் அழுதாள். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன்.

டிஸ்சார்ஜ் அன்று, சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுக்கிற பெண் ஒரு தாளை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விளக்கினாள். முதலில் தண்ணியாக, பிறகு மசித்தது, பிறகு மெத்தென்று இருப்பது, மூன்று மாதம் முடிந்தால் கெட்டிச் சாப்பாடு. எதுவானாலும் ஒரு வாய்க்கு முப்பது தடவை மெல்ல வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பெண்டாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாள், ராகி துன்னலாங்களா என்று. தாராளமாக, ராகி ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டாள் அந்தப் பெண். அவள் மனதில் இருந்தது கஞ்சி. எங்கள் இரண்டு பேர் மனதிலும் இருந்தது களி. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அந்த ஒரு வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டுதான் ஊர் வந்து சேர்ந்தோம்.

அடுத்த மூன்று மாதம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் யானைப் பசிக்குச் சோளப்பொரி என்கிற பழமொழியே வெட்கப்படும். சோளப்பொரி கிடைத்தால் நான் கும்பிட்டிருப்பேன். எனக்குக் கிடைத்தது ஒரு சின்னக் கிண்ணத்தில் மசித்த பருப்பும் குழந்தைக்குக் கொடுக்கிற ஸ்பூனும். நாலு ஸ்பூனில் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். உட்கார்ந்து பத்து நிமிஷம் காற்றை வெளியே விட வேண்டும். என் பெண்டாட்டி கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறவள் மாதிரி போய்விடுவாள். வாசல்படியில் நிற்பதில்லை. நின்று பார்க்க அதில் என்ன இருக்கிறது? எனக்கு எல்லார் மேலும் எரிச்சல். பக்கத்துக் கடைக்காரன் ஏப்பம் விட்டால் எரிச்சல். டிவியில் பிஸ்கட் தின்கிற குழந்தை மேல் எரிச்சல். சாமிக்கு நைவேத்தியம் என்று திரை போடுகிறார்களே, உள்ளே அவர் நிம்மதியாகச் சாப்பிடுகிறார் என்று அவர் மேலும் எரிச்சல்.

மூன்று மாதம் முடிந்த அதே வாரம் கங்கம்மா கோயில் ஜாத்திரைத் திருவிழாவுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் வருகிறார்கள். என்னைப் பார்த்து மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாதி நைனாதான் இருக்கிறார் என்றாள். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கி, மாமா, சூப்பரா இருக்கீங்க என்றான். அவன் ஈர்க்குச்சி உடம்புக்காரன், வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே களி கிடைக்காமல் நாக்கு செத்துப்போச்சு என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்தான். என் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கையைத் துடைத்துக்கொண்டு அப்போதே கேழ்வரகு மாவு டப்பாவை இறக்கிவிட்டாள்.

ஜாத்திரை அன்று நாட்டுக்கோழி அடித்தோம். காலையிலேயே அவள் என்னிடம் வந்து, உனக்கும் இன்னிக்கு ஒரு சின்ன உருண்டை உண்டு, ராகி துன்னலாம்னு சொல்லிக்கீறாங்களே என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பழைய இடத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மூன்று மாதமாக நாற்காலிதான். மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

முதல் உருண்டை வந்தது. என் தலைக்கு மேலாக வந்து அவன் தட்டில் இறங்கியது.

முறைதான், தெரியும். புது மாப்பிள்ளைக்குத்தான் முதலில் போட வேண்டும். எவன் இல்லை என்றான்? ஆனால் என் நைனாவுக்கே இரண்டாவது போட்டவள் அவள். எனக்கு அடுத்ததாக ஒரு டீ சாசரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று வந்தது. அதற்குக் குழிகூட செய்யவில்லை, குழம்பை ஓரமாக ஊற்றியிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கட்டையைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்று மாப்பிள்ளையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பயலும் சித்தூர்க்காரன்தானே, சட்டம் தெரிந்தவன். கிள்ளினான், புரட்டினான், பல்லில் படாமல் விழுங்கினான். அவள் முகத்தில் அதே பெருமை, அதே சொந்தம். இருபத்தேழு வருஷம் எனக்கு மட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது களி தின்னத் தெரிந்த எவனுக்கும் கிடைக்கும் போலிருக்கிறது. எனக்கு அடிவயிறு எரிந்தது. அங்கே வயிறு என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் எரிந்தது.

முப்பது தடவை மெல்ல வேண்டும் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவன் முன்னால், அவள் பார்க்கும்போது, களியைக் கிழவன் மாதிரி மென்றுகொண்டிருப்பேனா? பாதி உருண்டையைக் கிள்ளிக் குழம்பில் புரட்டி, பழையபடி ஒரே விழுங்காக விழுங்கினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு நொடி நன்றாகத்தான் இருந்தது.

அது நெஞ்சுக் குழியில் போய் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறியது. பேச முடியவில்லை. எழுந்து தடுமாறிப் பின்பக்கம் ஓடித் துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். யாரோ ஓடி வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு முதுகைத் தடவினார்கள். மெதுவா மாமா, பயப்படாதீங்க என்ற குரல் கேட்ட பிறகுதான் மாப்பிள்ளை என்று தெரிந்தது. அவன் கையைக்கூடக் கழுவவில்லை. என் நெற்றியில் இருந்த அவன் விரல்களில் என் வீட்டுக் கோழிக் குழம்பு மணத்தது. உயிர் போகிற அந்த வேதனையிலும் நான் அந்தக் கையை முகர்ந்தேன். பெற்ற மகன் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றவனை அந்த நிமிஷத்தில் வெறுத்தேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாய்க்கும் எட்டித்தான் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு களிப் பேச்சை வீட்டில் யாரும் என்னிடம் எடுக்கவில்லை. மறுபடி மசித்ததும் ஸ்பூனும் வந்தன. விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்று நானும் காத்திருந்தேன், மூன்று நாள் கழித்தும் மாப்பிள்ளைக்கு விருந்து ஓயவில்லை. காலையில் இட்லியும் கறிக் குழம்பும். மத்தியானம் மீன். சாயங்காலம் வேர்க்கடலை அவித்து வைத்தாள். அவன் சாலு அத்தை, சாலு என்று தெலுங்கில் போதும் போதும் என்று தட்டைக் கையால் மறைப்பான், அவள் விரல் இடுக்கில் போடுவாள். நான் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேப்பர் படிப்பதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் எத்தனை வாய் எடுக்கிறான், எலும்பை எப்படி உறிஞ்சுகிறான், எப்போது தண்ணீர் குடிக்கிறான், எல்லாம் எனக்கு மனப்பாடம். என் கண்ணை என்னால் எடுக்க முடியவில்லை. முதல் உருண்டையைப் பிடுங்கிக்கொண்டவனை வேறு எப்படிப் பார்ப்பது?

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். காலையிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. கோடை வெயில், அமெரிக்கத் தண்ணீர் குடித்த உடம்பு, ஐந்து நாளாக ஓயாத தீனி. டாக்டர் வந்து பார்த்துவிட்டு இதையேதான் சொன்னார். பார்லித் தண்ணீர் கொடுங்கள், இரண்டு நாள் கஞ்சிதான் என்றார். உள்ளதைச் சொல்கிறேன், கஞ்சி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வெளியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு அட பாவமே என்றேன்.

பொழுது சாயும் நேரம். கடையிலிருந்து வந்து, வாசல் குழாயில் கால் கழுவி, முருங்கை மரத்தடியில் நடந்து வீட்டுக்குள் போனேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் பெண்டாட்டி மரத்தடியில் குனிந்திருந்தாள். ஏதோ கீழே விழுந்துவிட்டது போலிருக்கிறது, தேடுகிறாள் என்று நினைத்தேன். அவள் தேடவில்லை. ஈரத்தோடு நான் மிதித்த தடம் மண்ணில் பதிந்திருந்தது. அந்தத் தடத்திலிருந்து மூன்று விரலால் மண்ணை வழித்து எடுத்து, உள்ளங்கையில் இருந்த உப்பு மிளகாயோடு சேர்த்து மூடிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் பார்க்காமல் உள்ளே வந்தாள்.

திருஷ்டி கழிக்க யார் காலடி மண்ணை எடுப்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். யாருடைய கண் பட்டது என்று சந்தேகமோ, அவர்கள் மிதித்த மண். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பயந்து, பொறாமைக்காரப் பக்கத்து வீட்டுக்காரி, கடன் கிடைக்காத பங்காளி, இந்த மாதிரி ஆட்கள் நடந்த தடத்தைத் தேடித்தான் போவார்கள். கட்டிய புருஷன் காலடியில் எடுத்தவளை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

கூடத்தில் மாப்பிள்ளையைக் கிழக்குப் பார்க்க உட்கார வைத்தாள். மூடிய கையால் மூன்று தரம் சுற்றினாள். ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நாய் கண்ணு, நரி கண்ணு என்று அவள் முணுமுணுத்தபோது இரண்டாவது கண்ணுக்கு மட்டும் குரல் இறங்கியது. அவன் துப்பினான். அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டாள். மிளகாய் படபடவென்று வெடித்தது. வெறும் மிளகாய் தீயில் விழுந்தால் தெருவே தும்மும். கண் பட்டிருந்தால்தான் நெடி வராது. நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒருவருக்காவது ஒரு இருமல் வராதா என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மகள்தான் விளையாட்டாக, நெடியே இல்லையே, யார் கண்ணும்மா இவ்வளவு பெரிய கண்ணு என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே புரிந்துவிட்டது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க மூன்று பேரும் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது. ஜாத்திரைக் கூட்டத்துல எத்தினி கண்ணோ என்று என் பெண்டாட்டி சாம்பலைக் கிளறினாள்.

மாப்பிள்ளை இரண்டு நாளில் எழுந்துவிட்டான். இரண்டு பேரும் சித்தூருக்கு அவன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். பஸ் ஏற்றிவிட்டு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளிடம் கேட்டேன்.

"என் காலு மண்ணத்தான எடுத்த?"

மறுப்பாள் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

"ஆமா. வேற யாரு மண்ண எடுக்கறது? அந்தப் புள்ள தட்டுல கைய வெச்சா நீ எப்பிடி பாக்கறன்னு உனக்குத் தெரியுமா?"

நான் கத்தினேன். கட்டின புருஷனுக்கு இதுதான் மரியாதையா, பசியில் இருக்கிறவன் பார்க்கத்தான் பார்ப்பான், என் உருண்டையை எடுத்து அவனுக்குப் போட்டவள் நீ என்று என்னவெல்லாமோ கத்தினேன். அவள் கத்தவில்லை. நான் முடிக்கும் வரை நின்றாள்.

"அவுருக்கு ஒரு நாளுதான்யா சுத்துனேன். எனக்கு மூணு மாசமா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நானே சுத்திக்கினு கீறேன். உன் மண்ணுதான். உன் எதுருல ஒரு வாய் எறங்க மாட்டேங்குது. நீ கடைக்குப் போனப்புறம் அடுப்பாண்ட நின்னுக்கினு துன்றேன்."

அப்போதுதான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ஆபரேஷன் செய்துகொண்டது நான். என்னோடு சேர்ந்து அவளும் இளைத்திருந்தாள், நான் கவனிக்கவில்லை. ஊரில் இருக்கிற வாயையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு இந்த ஒரு வாய் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. களி கிண்டு என்றேன். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். எனக்கு இல்லை, உனக்கு என்றேன். வெறும் கீரைக் குழம்புதான் வைத்தாள். பானையை இறக்கியதும் நானே தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். மொதல் உருண்டைய நீ போட்டுக்கோ, என் எதுருல உக்காந்து துன்னு என்றேன். வேணாம்யா என்றாள். நான் விடவில்லை. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக முதல் உருண்டை அவள் தட்டில் விழுந்தது. எனக்கு நெஞ்செல்லாம் நிறைந்து, நான் ரொம்ப நல்லவனாகிவிட்ட மாதிரி இருந்தது.

அவள் கிள்ளினாள். குழம்பில் புரட்டினாள். நான் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, கடையில் காயில் கட்ட வேண்டிய மோட்டார்களை மனதுக்குள் வரிசையாக நினைத்துக்கொண்டேன். அவள் விழுங்கினாள். அந்த உருண்டை அவள் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குவதை என் கண் பார்த்தது. மூன்று மாதமாக எனக்குள் இருந்த அந்தப் பொறாமையே, சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் அப்படியே எழும்பி வந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து மீதிக் களியைச் சாப்பிட்டாள்.